தாரிங்கா சொன்ன சாட்சி

லிப்னிக்கா மறுவாழ்வு இல்லத்துக்குள் பதினோரு வருடமாக ஒரு சொட்டு மது நுழைந்ததில்லை. அதற்குக் காரணம் டாக்டர் யாக்‌ஷிச் அல்ல. அவர் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்த விதிமுறைகளும் அல்ல. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாரிங்கா என்கிற அறுபத்தோரு வயது விதவைதான் காரணம்.

அவள் மூக்குக்குத் தப்பி எதுவும் உள்ளே போனதில்லை. ஷாம்பு பாட்டிலில் வந்தது, ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பையில் வந்தது, ஊசி ஏற்றிய தர்பூசணியில் வந்தது. எல்லாவற்றையும் பிடித்தாள். ஒரு மாமியார், "மருமகன் மெலிஞ்சிட்டாரு, ஆசையா சாப்பிடுவாரு" என்று மிளகாய் ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். மிளகாய் காடியில் ஊறவில்லை, ராக்கியாவில் ஊறிக்கொண்டிருந்தது. பிளம் பழத்திலிருந்து அந்த ஊரில் வீட்டுக்கு வீடு காய்ச்சுகிற சாராயம் அது. தாரிங்கா ஜாடியை வாங்கி, மாமியாரின் கண்ணெதிரே சாக்கடையில் கவிழ்த்தாள்.

"அடிப்பாவி! மிளகாயையாவது திருப்பிக் குடு!"

"மிளகாயும் போதையில கிடக்கு. தெளிஞ்சதும் வந்து பொறுக்கிக்க."

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை இருந்தது. அவள் கணவன் மிலூன் இருபது வருடம் குடித்தவன். அந்த இல்லத்தின் முதல் நோயாளிகளில் ஒருவன். தொண்ணூறு நாள் சிகிச்சை முடித்து, சான்றிதழோடு வீட்டுக்கு வந்தான். அதற்குப் பின் எட்டு மாதம் அவன் வாயில் மது பட்டதில்லை. ஒரு வசந்த காலக் காலையில் தோட்டத்தை உழுதுகொண்டிருந்தவன் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், எழுந்திருக்கவில்லை. இருபது வருடம் குடிகாரனின் மனைவியாக வாழ்ந்தவள், மிச்ச காலத்தைத் திருந்தியவனின் விதவையாக வாழ்ந்துகொண்டிருந்தாள். இரண்டாவது பதவி அவளுக்கு எவ்வளவு பெரிது என்பது வியாழக்கிழமைகளில் தெரியும்.

வியாழக்கிழமைதான் அங்கே குடும்பக் கூட்டம். நோயாளியின் பக்கத்தில் அவன் மனைவியோ தாயோ அண்ணனோ கட்டாயம் உட்கார வேண்டும். நோயாளி வாய் திறந்தாலே பொய் சொல்வான், உடனிருப்பவர் திருத்துவார். அதுதான் வைத்தியம். கூட்டத்தின் முடிவில் தாரிங்கா எழுந்து மிலூனின் கதையைச் சொல்வாள். "என் மனுஷன் சுத்தமா செத்தான்" என்று முடிப்பாள். எல்லோரும் அழுவார்கள். பதினோரு வருடமாக அழுதார்கள்.

தினமும் மதியம் இரண்டு மணிக்கு நோயாளிகளை ஊத வைப்பதும் அவள் வேலைதான். போலீஸ்காரர்கள் சாலையில் வைத்திருக்கிற அதே ஊதும் மிஷின். சைபர் காட்டாவிட்டால் அன்றைக்கே வெளியே. அது ஆறாவது விதி. யாராவது கெஞ்சினால் தாரிங்கா சொல்வது ஒரே பதில்: "மிஷினுக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ளை இல்ல. அதுக்கு ஏன் பொய் சொல்லணும்?"

அப்போதுதான் கொரோனா வந்தது.

பார்வையாளர்கள் வரக்கூடாது என்றார்கள். சோதிக்கப் பையில்லை, முகரப் பாட்டிலில்லை. வியாழக்கிழமைக் கூட்டம் முற்றத்துக்கு மாறியது. ஆறடிக்கு ஒரு நாற்காலி. குடும்பத்தார் ஒவ்வொருவராகப் போனில், ஒலிபெருக்கி வழியாகப் பேசினார்கள். வெளியூர் பஸ்கள் நின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல் தெருவில் தலை காட்டினால் அபராதம். உள்ளே இருப்பவன் ஒருமுறை வெளியே கால் வைத்தால், பதினான்கு நாள் வேறெங்காவது தனிமையில் இருந்த பிறகுதான் திரும்பி வரலாம். தாரிங்கா மனதுக்குள் சந்தோஷப்பட்டாள். பதினோரு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக அந்த வாசல் இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷம் பத்து நாள்கூட நிலைக்கவில்லை. அரசாங்க வேன் ஒன்று வந்து நாற்பது லிட்டர் சாராயத்தை இறக்கிவிட்டுப் போனது.

"சாராயம் இல்ல அக்கா, சானிடைசர்" என்றார் டாக்டர் யாக்‌ஷிச். நாற்பது வயதுக்காரர், எதையும் விதியைப் படித்துவிட்டுத்தான் நம்புவார்.

தாரிங்கா கேனைத் திறந்து முகர்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "நூத்துக்கு எழுபது பங்குன்னு எழுதியிருக்கே. என் பக்கத்து வீட்டு ஸ்தமெனா காய்ச்சுறதே ஐம்பதைத் தாண்டாது."

"ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்துலயும் ஒண்ணு வைக்கணும்னு உத்தரவு."

"இருபத்திரண்டு குடிகாரங்க இருக்கிற வீட்ல, கதவுக்குக் கதவு எழுபது பங்கா? உத்தரவு போட்டவரை முதல்ல ஊதச் சொல்லுங்க டாக்டர்."

கடைசியில் ஒரு சமரசம் ஆனது. கேன்கள் தாரிங்காவின் பூட்டுக்குள் இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னும், எதையாவது தொடுவதற்கு முன்னும் அவளே வந்து, கோயிலில் தீர்த்தம் கொடுப்பதுபோல் உள்ளங்கையில் சொட்டு சொட்டாக விடுவாள். யாரும் அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்வாள்.

நோயாளிகளில் வெலிமிர் என்று ஒருவன் இருந்தான். ஐம்பத்திரண்டு வயது. சாச்சக் ஊருக்குப் போகிற தடத்தில் பஸ் ஓட்டியவன். ஒருநாள் குடித்துவிட்டு எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் முப்பது பயணிகளைக் கடைசி ஊர்வரை கொண்டுபோய் இறக்கியவன். உரிமம் போயிற்று, வேலை போயிற்று. மனைவி ரூஷா கதவை மூடினாள். "தொண்ணூறு நாள் முடிச்ச காகிதத்தோட வா. இல்லாட்டி வராதே" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். சானிடைசர் வந்த அன்று அவனுக்குச் சிகிச்சையில் எண்பத்து மூன்றாவது நாள். இன்னும் ஒரே வாரம். அந்த ஒரு வாரத்துக்குள்தான் அவன் வாழ்க்கை முழுவதும் இருந்தது.

குடியை விட்ட பிறகு வெலிமிருக்கு விதிகளின்மேல் பக்தி வந்திருந்தது. சானிடைசரை இருபது வினாடி தேய்க்க வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தது. மற்றவர்கள் பேருக்குத் தேய்த்துவிட்டுக் கையை உதறினார்கள். வெலிமிர் இருபது எண்ணினான். விரலிடுக்கு, புறங்கை, மணிக்கட்டு, முழங்கைவரை தேய்த்தான். ஈரம் காயும் முன் அதே கைகளைக் குவித்து மிஷினைப் பிடித்து ஊதினான்.

சைபர் புள்ளி நான்கு.

தாரிங்கா எண்ணைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"எங்கேருந்துடா கிடைச்சுது?"

"அக்கா, சத்தியமா இல்லக்கா! எம் பொண்ணு மேல சத்தியம்!"

"பொண்ணை ஏன் இழுக்கிற? கால் மணி கழிச்சு மறுபடி ஊது."

கால் மணி கழித்து வெலிமிர் மறுபடி ஊத வந்தான். மிஷினைத் தொடும் முன் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது விதி. அவன் கையை நீட்டினான், அவள் சொட்டு விட்டாள். அவன் இருபது எண்ணித் தேய்த்தான். சைபர் புள்ளி மூன்று.

இரண்டு தடவை. ஆறாவது விதிக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். தாரிங்காவே அவன் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, கம்பிக் கதவைத் திறந்தாள். வெலிமிர் அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குப் பழக்கப்பட்டதாக இருந்திருக்கும். "நன்றிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அதுதான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மூன்றரை மணிக்கு டாக்டர் ஒரு காகிதத்தோடு வந்தார். "இப்படி உள்ளேயே ஒருத்தன் மாட்டியிருக்கான். நாளைக்கு யாரும் நம்மளை ஒண்ணும் சொல்லக்கூடாது. ஊழியர்களும் ஊதிடுவோம் அக்கா. நீங்களே ஆரம்பிங்க."

"நானா? கல்யாண விருந்துலகூட நான் எலுமிச்சைச் சாறுதான்."

"விதிக்காக."

தாரிங்கா சிரித்துக்கொண்டே கையில் சானிடைசர் விட்டாள், தேய்த்தாள், மிஷினை வாயருகே கொண்டுபோய் ஊதினாள்.

சைபர் புள்ளி மூன்று.

சிரிப்பு அவள் முகத்திலேயே நின்றது, இறங்க மறந்ததுபோல். டாக்டர் மிஷினைப் பிடுங்கினார், தாமும் கை தேய்த்து ஊதினார். சைபர் புள்ளி இரண்டு. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காற்றாட நின்று ஊதினார். சைபர். நாடு முழுவதும் குடிகாரர்கள் வீட்டுக்குள் அடைந்து குடித்துக்கொண்டிருந்த அந்த வசந்த காலத்தில், லிப்னிக்கா இல்லத்தில் போதையில் இருந்தவை உள்ளங்கைகள் மட்டும்தான்.

"அடக் கடவுளே" என்றாள் தாரிங்கா. "அந்த மனுஷன் கையைச் சுத்தமா வச்சுக்கிட்டதுக்கு அவனைத் தெருவுல விட்டேனே!"

அறுபத்தோரு வயதில் அவள் ஓடினாள். பஸ் நிறுத்தம் ஒரு கிலோமீட்டர் தள்ளி. பிளம் மரங்கள் வழியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தன, அவள் கண்ணில் ஒன்றும் படவில்லை. வெலிமிர் நிறுத்தத்தின் பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பஸ் வராதுடா, வெலிமிர்."

"தெரியும்க்கா. பஸ் ஓட்டினவன்தானே நான்."

"அப்புறம் ஏன் உக்காந்திருக்க?"

அவன் எதிரே கை காட்டினான். கடை இன்னும் திறந்திருந்தது. ஜன்னலில் பாட்டில்கள் வெயிலில் மினுங்கின. "எழுந்தேன்னா அங்கதான் போவேன். அதான் எழுந்திருக்காம உக்காந்திருக்கேன். நாலு மணிக்குக் கடை மூடுறாங்க. இன்னும் பத்து நிமிஷம்."

தாரிங்கா அவன் பக்கத்தில், ஆறடியையெல்லாம் மறந்து, உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "நானும் போதையில இருக்கேன். டாக்டரும் போதையில இருக்கார். மிஷின் சொல்லுது."

அவன் அவளை வினோதமாகப் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. அவளுக்குப் பழக்கமில்லை. "எந்திரி, போலாம்" என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் வாசலில் டாக்டர் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கையைப் பிசைந்தார். "தப்பு நம்மதுதான் அக்கா. ஆனா வெளியே போனவரைப் பதினாலு நாள் கழிச்சுத்தான் உள்ளே விடணும். அதுவும் அவர் தொடாம இருந்தார்னு யாராவது சாட்சி சொன்னாத்தான் பழைய நாள் கணக்கு நிக்கும். இல்லேன்னா ஒண்ணுலேருந்து ஆரம்பம்."

"சாட்சிதானே? என் வீட்ல இருக்கட்டும். நானும் அவனோட அடைஞ்சு கிடக்கிறேன்."

"உங்க வீட்லயா?"

"நீங்க வேற வீடு வச்சிருக்கீங்களா?"

இப்படித்தான், ஊரிலேயே கண்டிப்பான வாசல்காரி, தான் வெளியே தள்ளியவனோடு தன் வீட்டில் பதினான்கு நாள் சிறை இருக்கப் போனாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் அதிகாரத்தோடு சொன்னாள்: "இது குடிகாரன் வீடு இல்ல, சுத்தமான வீடு. நீ பயப்படாம இரு."

வெலிமிர் மூக்கைச் சுருக்கினான். "அக்கா, அந்த அலமாரியில என்ன?"

"அது... விருந்தாளிக்கு. வந்தவங்களுக்கு ஒரு வாய் குடுக்காம அனுப்ப முடியுமா?"

"ஜன்னல்ல?"

"அது மூலிகை போட்டது. நெஞ்சுல தேய்க்க."

"அடுப்புக்கு மேல?"

"கேக்ல ஊத்துற ரம்."

"இந்த ரெண்டு ஒயின்?"

"எங்க குடும்பப் புனிதர் நாளுக்கு! அன்னிக்குப் படைக்கிற அப்பத்துல ஒயின் ஊத்தாம பாதிரியார் எப்படி ஆசீர்வாதம் பண்ணுவார்?"

"வாசல்ல பதினோரு வருஷமா மாமியார் ஜாடியையெல்லாம் கவுத்தீங்களேக்கா" என்றான் வெலிமிர், கொஞ்சம்கூடச் சிரிக்காமல். "உங்க வாசல்ல யாரையாவது வேலைக்கு வச்சிருக்கலாம்."

மொத்தம் ஒன்பது பாட்டில். ஊரில் எல்லா வீடும் அப்படித்தான். ஆனால் அவற்றைத் தன் கையால் கூடையில் அடுக்கும்போது தாரிங்காவின் காது மடல்கள் சிவந்தன. வேலியோரம் போய் பக்கத்து வீட்டு ஸ்தமெனாவைக் கூப்பிட்டாள். ஸ்தமெனா கூடையைப் பார்த்தாள், வீட்டுக்குள் தெரிந்த ஆண் உருவத்தைப் பார்த்தாள்.

"என்னடி, இந்த வயசுல வீட்டுக்கு ஆளும் வந்தாச்சு, பாட்டிலும் வெளியே போகுது? தலைகீழா இருக்கே!"

"வாயை மூடிக்கிட்டு வாங்கி வை. பதினாலு நாள் கழிச்சு எண்ணி வாங்குவேன்."

"எண்ணு எண்ணு. அளந்தும் வாங்கு. கொரோனாவுக்கு நாங்களும் காலையில ஒரு வாய் மருந்து எடுக்கிறோம்ல."

நாட்கள் போயின. காலையில் வெலிமிர் மரம் வெட்டினான், மதியம் தாரிங்கா அவரைக்காய் சூப் வைத்தாள், மாலையில் இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் எரிந்து விழுந்தார்கள். தண்ணீர் குடிப்பதைக்கூட அவள் உற்றுப் பார்த்தாள். "அக்கா, வேணும்னா நான் தண்ணியை உங்க வாயில ஊத்திட்டு மிச்சத்தைக் குடிக்கிறேன்" என்றான் ஒருநாள்.

பதினோராவது நாள், சும்மா இருக்க முடியாமல், கொட்டகையில் கிடந்த மிலூனின் உழவு இயந்திரத்தைச் சரிசெய்யப் போனான். மிலூன் சாய்ந்த நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. இருக்கைக்கு அடியில் கருவிப் பெட்டி. துருப்பிடித்த மூடியை நெம்பித் திறந்தான். உள்ளே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்று சுருட்டியிருந்தது. சுருட்டலுக்குள் ஒரு பாட்டில்.

அவன் அதைத் தூக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வெகு தூரத்தில் பிடித்தபடி, முற்றத்தைத் தாண்டி வந்தான். வேலிக்கு அப்பால் ஸ்தமெனா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

தாரிங்கா முதலில் சட்டையைத்தான் பார்த்தாள். அவள் பின்னியது. மிலூன் சிகிச்சை முடித்து வந்த நாளில் போட்டுவிட்டது. தொலைந்துவிட்டது என்று அவன் சொன்னான். பிறகுதான் பாட்டிலைப் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இரண்டு ஆண்களில் ஒருவன் குடித்திருக்கிறான். ஒருவன் மண்ணுக்குள் இருந்தான். ஒருவன் அவள் எதிரே நின்றான். எதிரே நிற்பவன்தான் என்று சொல்லிவிட்டால் போதும், பதினோரு வருடத்து வியாழக்கிழமைகள் எல்லாம் பத்திரமாக இருக்கும்.

"குடிச்சியா?" என்றாள். அவள் குரல் கெஞ்சியது. ஆம் என்று சொல்லேன் என்று கெஞ்சியது.

"இல்லக்கா." பிறகு மெல்லச் சொன்னான்: "நீங்களே திறந்து பாருங்க."

தக்கையைத் திருகினாள். அது அவள் விரல்களுக்கிடையே மாவாக உதிர்ந்தது. பதினோரு வருடம் யாரும் தொடாத தக்கை. கண்ணாடியின் உள்பக்கம், சாராயத்தின் மட்டத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு காய்ந்து ஒட்டியிருந்தது.

தாரிங்கா பாட்டிலை ரோஜாச் செடிக்கு அடியில் கவிழ்த்தாள். சட்டையை எடுத்து மடித்தாள். மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள். வெலிமிர் கிணற்றடிக்குப் போய், அவள் அழுது முடிக்கிறவரை காலி வாளியையே இறைத்துக்கொண்டிருந்தான். அன்று அவனைத் தண்ணீர் குடிக்கும்போது அவள் பார்க்கவில்லை.

பதினான்காவது நாள் ஒரு வியாழக்கிழமை. இருவரும் இல்லத்துக்கு நடந்தார்கள். முற்றத்தில் கூட்டம் தொடங்கியிருந்தது. ஆறடிக்கு ஒருவராக நோயாளிகள், நடுவில் மேசைமேல் போன். டாக்டரின் முகம் சரியில்லை.

"அக்கா, நேத்து ஸ்தமெனா எனக்குப் போன் பண்ணினாங்க. வெலிமிர் உங்க முற்றத்துல பாட்டிலோட நடந்ததைக் கண்ணால பார்த்தாங்களாம். இது உண்மையா?"

"உண்மை" என்றாள் தாரிங்கா.

ஒலிபெருக்கியில் ரூஷாவின் குரல் வெடித்தது. "பார்த்தீங்களா! எனக்குத் தெரியும்! இவனைக் கட்டிக்கிட்டு அழுத நான்..."

"கொஞ்சம் பொறும்மா!" தாரிங்கா எழுந்து நின்றாள். பதினோரு வருடமாக அதே இடத்தில்தான் நின்று அவள் எல்லோரையும் அழ வைத்திருக்கிறாள். வெலிமிர் தலையை அசைத்தான், வேண்டாம் என்று. அவன் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லப் போவதுமில்லை. ஒன்றிலிருந்து தொண்ணூறு நாள் மறுபடி எண்ணத் தயாராகவே வந்திருந்தான்.

"பாட்டில் என் வீட்டுக்காரரோடது" என்றாள். "உழவு மிஷினுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தார். நான் பின்னிக் குடுத்த சட்டையில சுத்தி. இந்த மனுஷன் அதைக் கண்டுபிடிச்சு, முகர்ந்துகூடப் பார்க்காம கொண்டுவந்து என் கையில குடுத்தார். தக்கையைத் திறந்தவ நான். அது பொடிப் பொடியா போச்சு. குடிச்சது மிலூன். நான் இத்தனை வருஷம் இங்க நின்னு சொன்னது பொய். எனக்குத் தெரியாத பொய்."

யாரும் அழவில்லை. அழுவது எப்போது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கதை வழக்கமான இடத்தில் முடியவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோட்டைத் திறந்து, நின்றபடியே எழுதினார். "எண்பத்து மூணும் பதினாலும். தொண்ணூத்தேழு. வெலிமிர், சிகிச்சை முடிஞ்சுது."

ஒலிபெருக்கியில் வெகுநேரம் மூக்குறிஞ்சும் சத்தம். பிறகு ரூஷா கேட்டாள்: "தொண்ணூத்தேழா? நான் தொண்ணூறுதானே சொன்னேன்? ஏழு நாள் லேட்டாவா வரான்?"

"பஸ் இல்லடி" என்றான் வெலிமிர். "நடந்தே வரேன்."

தாரிங்கா தன் நாற்காலிக்குத் திரும்பவில்லை. காலியாகக் கிடந்த குடும்பத்தார் நாற்காலிகளில் ஒன்றில் போய் உட்கார்ந்தாள். பின்வரிசையிலிருந்து புதிதாக வந்த ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அக்கா, அப்ப அந்த எட்டு மாசம்?"

அவள் யோசித்தாள். "முன்னாடியெல்லாம் ஒரு பாட்டில் அவருக்கு மத்தியானம் வரைக்கும் தாங்காது. அன்னிக்கப்புறம் வெலிமிர் என் வீட்டைச் சல்லடை போட்டுத் தேடிட்டான், ஒளிச்சு வச்ச பாட்டில் வேற இல்ல. எட்டு மாசத்துல மூணுல ஒரு பங்கு." அவள் பார்வை வேறெங்கோ போயிற்று. "பாவி மனுஷன், எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான்!"

இருபத்திரண்டு குடிகாரர்களும் அந்த அளவை மனதுக்குள் போட்டுப் பார்ப்பது முகங்களில் தெரிந்தது. டாக்டர் அவசரமாகத் தொண்டையைச் செருமினார். "இது சிகிச்சை முறை இல்ல, யாரும் குறிச்சுக்க வேண்டாம்" என்றார். முதலில் சிரித்தவள் தாரிங்காதான். கண்ணீர் வழிய வழிய, வாயைப் பொத்திக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தாள்.